எல்லாருக்கும் முப்பத்தொண்ணு

நீலம் இன்னும் போகவில்லை. வெள்ளைப் பீங்கான் தட்டில் வரிசையாகக் குழிகள், குழிக்கு ஒரு சொட்டு அயோடின், அதன்மேல் டியூபிலிருந்து ஒரு துளி, கருநீலம், கருநீலம், அடுத்ததும் கருநீலம். மாவுக் கஞ்சியில் அயோடின் பட்டால் இந்த நிறம் வரும், எச்சில் அந்த மாவைத் தின்னத் தின்ன நீலம் வெளுத்துக்கொண்டே வந்து கடைசியில் வெறும் டீத்தண்ணி நிறம்தான் மிஞ்சும். பதறினவள் எச்சில் சீக்கிரம் தின்னும், பதறாதவள் எச்சில் சாவகாசமாகத் தின்னும், அவ்வளவுதான் எங்கள் புராஜெக்ட். மூன்றாம் வருஷத்தில் எல்லாரும் ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும். தனியாகச் செய்தால் மார்க் மட்டும்தான், இரண்டு டிபார்ட்மென்ட் சேர்ந்து செய்தால் பேரும் வரும் என்று ஹெப்சிதான் சொன்னாள். ஹெப்சிபா, சைக்காலஜி, ஹாஸ்டலில் என் அறை, பக்கத்துக் கட்டில், மூன்று வருஷமாக அவள் தேங்காய் எண்ணெய் என் தலையில், எங்கள் வீட்டு இட்லிப் பொடி அவள் தட்டில். பயத்தை உண்டாக்குவது அவள் வேலை, அளப்பது என் வேலை. இந்தப் பங்கு நன்றாகத்தான் இருந்தது, இன்று காலை வரைக்கும். தண்ணீர்த்தொட்டி முப்பத்தேழில் நிற்கிறதா, நிற்கிறது, உடம்புச் சூடு. அதில் நட்டு வைத்திருக்கும் டியூப்களில் யார் யாருடைய எச்சிலோ, எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, எண் மட்டும்தான். அளக்கிறவளுக்கு ஆள் தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும் என்று எங்கள் டிபார்ட்மென்ட் தமயந்தி மேடம் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு என் கண் என்ன பார்க்க ஆசைப்படுகிறது என்று தெரிந்திருந்தால் மேடம் என்னை லேபுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

முப்பத்தொன்று. காலையில் மெஸ்ஸில் சட்னியை வழித்துக்கொண்டே ஹெப்சி எவ்வளவு லேசாகச் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த எக்கனாமிக்ஸ் பிள்ளை, இரண்டாம் வருஷம், "யக்கா, அந்த டெஸ்ட்ல எனக்கு முப்பத்தொண்ணுன்னு சொன்னிய பாத்தியளா, இன்னும் அது கனவுல வருது" என்று சிரித்தது. ஹெப்சியும் சிரித்தாள். "அதான் அன்னைக்கே பொய்யின்னு சொல்லிட்டேம்லா. பாதிப் பேருக்குத் தொண்ணூறு, மிச்சப் பேரு எல்லாருக்கும் முப்பத்தொண்ணு. பேப்பர நாங்க திருத்தவே இல்ல, கட்டி டிபார்ட்மென்ட் பீரோ மேல போட்டிருக்கோம்." என் கை சாம்பாரிலேயே நின்றுவிட்டது. அன்னைக்கே சொல்லிட்டேம்லா. யாரிடம்? அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள், மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள், துப்பி முடித்ததும் உட்காரவைத்து, இது பொய், உன் மூளையில் ஒரு குறையும் இல்லை, மன்னிச்சுக்கோ என்று சொல்லி ஆளுக்கு ஒரு மிட்டாயும் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும், அது அவர்கள் டிபார்ட்மென்ட் சட்டம். எனக்கு மிட்டாய் வரவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், ஏதாவது ஞாபகம் வருகிறதா, ஒரு திடுக்கிடலாவது. "என்னளா இசக்கி, இட்லி கல்லா இருக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். மறந்தேபோய்விட்டாள். திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட எதிரி என்ற மரியாதையாவது எனக்குக் கிடைத்திருக்கும். இவள் என்னை அறுத்துவிட்டு, அறுத்ததையே மறந்துவிட்டு, இட்லியைப் பற்றி விசாரிக்கிறாள்.

அடுத்த சொட்டு. நீலம். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஒருத்தி திரும்பி வரவில்லை, டெஸ்டுக்கு ஆள் ஒன்று குறைந்தது, அதற்குத்தான் என்னைப் பிடித்திருப்பாள், இப்போது யோசித்தால் எல்லாம் வரிசையாக வருகிறது. "ஏளா, சும்மா ஒரு டெஸ்ட் எழுதித் தா, எழுதுன கையோட எச்சியும் குடு, ஒன்னய வச்சுப் பழகிக்கிடுதேன்" என்றாள். பழகத்தான் என்று நானும் போனேன். அவர்கள் டிபார்ட்மென்டில் அந்தச் சின்ன அறை, ஃபேன் ஓடாது, மேஜைமேல் பிளாஸ்டிக் ரோஜா. கடினமான டெஸ்ட் எழுதினால் பதற்றம் வரும், அதைத்தான் அளக்கிறோம் என்று நினைத்திருந்தேனே தவிர மார்க்கே கட்டுக்கதை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அளக்கிறவளுக்குச் சொல்லக் கூடாதே. ஆராய்ச்சி மனசு இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டாம். முக்கோணத்துக்குள் முக்கோணம், விட்டுப்போன எண், கதையில் எது பொய். பழக்கத்துக்கு என்றாலும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன், ஏனென்றால் எனக்குச் சும்மா எழுதத் தெரியாது. அவள் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டு வந்தாள். வரும்போதே முகம் வேறு. புருவம் கொஞ்சம் இறங்கி, உதட்டை மடித்து, எதிரே உட்கார்ந்து, உடனே பேசாமல். "உக்காருளா" என்றாள், நான் உட்கார்ந்துதான் இருந்தேன். "முப்பத்தொண்ணு. இதுவர எழுதுனதுல இதான் கம்மி. நாப்பதுக்குக் கீழ வந்தா ஆராய்ச்சிப் பக்கம் சரிவராதுன்னு மேனுவல்ல போட்டிருக்கு. நீ மனசுல வச்சுக்கிடாத." அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்திருக்கிறேன். ஹாஸ்டல் கண்ணாடி முன்னால் நின்று அந்த முகத்தை அவள் ஒரு வாரம் போட்டுப் போட்டுப் பழகினாள், சர்ச்சில் நாடகம் போலிருக்கிறது என்று நினைத்து நான்தான், புருவத்தை அவ்வளவு இறக்காதே, பொய்யாகத் தெரியுது என்று திருத்தினேன். என் கழுத்துக்கான கத்தியை நானே சாணை பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அப்புறம் டியூபை நீட்டினாள். அவள் டியூப் கொண்டுவர மறந்து, என் லேப் கோட்டுப் பையிலிருந்த சிவப்பு மூடி டியூபையே எடுத்துக்கொண்டாள். வாய் காய்ந்திருந்தது. வடிய வடிய உட்கார்ந்திருந்தேன். மூடியைப் போட்டதும் சாப்பாட்டு மணி அடித்தது, புதன்கிழமை, கோழிக்குழம்பு. "வாரேன்ளா, லைன் பெருசாயிரும்" என்று ஓடினாள். நான் அந்தப் பிளாஸ்டிக் ரோஜாவோடு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம்தான் பெங்களூருக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். கோடை விடுமுறை முழுக்க ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் தங்கி வேலை பார்க்கலாம், எங்களை மாதிரிப் பிள்ளைகளில் நாடு முழுக்கப் பொறுக்கி எடுப்பார்கள், தமயந்தி மேடம் எனக்காக அவர்களுக்கு எழுதியும் போட்டுவிட்டார். போனில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது, கடைசியாக அந்தப் பச்சைப் பட்டனைத் தொட வேண்டியதுதான் பாக்கி. தொட முடியவில்லை. முப்பத்தொன்று. கையைக் கொண்டுபோவேன், முப்பத்தொன்று. அங்கே வருகிறவர்கள் எல்லாம் யார், அவர்கள் நடுவில் நான் போய் நின்று, என்னைப் பார்த்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிடும், மேடத்துக்கும் வெட்கக்கேடு. ஹெப்சி கேட்டாள், "ஏன்ளா போடல?" "எங்கப்பா விடமாட்டாங்க" என்றேன். அதை உடனே நம்பினாள், முக்கூடல் மாதிரிச் சின்ன ஊர்க்காரியின் அப்பா விடமாட்டார் என்பதை நம்புவதில் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. எங்கப்பாவா விடமாட்டார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பாக்கியில்லாமல் எம் பொண்ணு பெங்களூர் போறா என்று சொல்லி முடித்தவர், சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தவர். "எப்பம்மா டிக்கெட் போடணும்?" என்று போனில் கேட்டார். இந்த வருஷம் எடுக்கலையாம்ப்பா என்றேன். "அவங்களுக்குக் குடுத்து வைக்கல" என்றார். அந்தப் பெட்டியில் இப்போது அம்மா பீடி இலை போட்டு வைத்திருக்கிறாள், ஈரம் காயாமல் இருக்கிறதாம். செய்தது யார்? ஒரு பேப்பரைத் திருத்தக்கூட இல்லை. நான் பல்லைக் கடித்து எழுதியது பீரோ மேல் தூசி தின்கிறது, என் மார்க் என்ன என்பது இந்த உலகத்தில் யாருக்குமே தெரியாது, அப்படி ஒரு மார்க்கே இல்லை. இல்லாத ஒன்று என் கையைப் பிடித்து நிறுத்தியது.

இதோ, அன்று வடித்த என் எச்சிலும் இங்கேதான் நிற்கிறது. காலையில் ஃப்ரீசர் டப்பாவைத் திறந்து எல்லா டியூபையும் எடுத்தபோது வெள்ளை மூடிகளுக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு மூடி. பழகத்தான் என்றாளே, கொட்டியிருப்பாள் என்றல்லவா நினைத்தேன், எண் எழுதிச் சேர்த்துவிட்டிருக்கிறாள். மெஸ்ஸிலிருந்து நேராக வந்து அதைப் பார்த்தேன், எடுத்து மற்றவற்றோடு தொட்டியில் நட்டேன். இப்போது அதிலிருந்து ஒரு துளி. நீலம், ஆனால் கொஞ்சம் ஊதா தட்டிய நீலம். பக்கத்து டியூபெல்லாம் இன்னும் கறுத்துக்கொண்டுதான் நிற்கிறது. அடுத்த துளி, ஊதா. அடுத்தது, பழுப்புச் சிவப்பு. அடுத்தது ஒன்றுமேயில்லை, டீத்தண்ணி. இந்த வரிசையிலேயே என்னுடையதுதான் முதலில் தின்று முடித்திருக்கிறது. அந்த அறையில் உட்கார்ந்து, பரவாயில்லளா, எனக்கு ஒண்ணுமில்ல என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேனே, அது பொய் என்று என் எச்சில் இங்கே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நல்ல ரிசல்ட். படத்தில் போட்டால் ஒரு கம்பி மற்றதையெல்லாம் தாண்டி நிமிர்ந்து நிற்கும், ஹெப்சி மேடையில் நின்று குச்சியால் அதைத் தொட்டுக் காட்டி, இங்கே பாருங்கள், அவமானம் இந்த அளவு வேலை செய்கிறது என்பாள், எல்லாரும் கை தட்டுவார்கள், நானும் கீழே உட்கார்ந்து தட்ட வேண்டும். அப்படி நடக்க விட்டால் எனக்கு இசக்கியம்மாள் என்று பேர் வைத்ததில் அர்த்தமில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் இசக்கி சிலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாயில் ஒரு பிள்ளையைக் கவ்விக்கொண்டு நிற்பாள், நம்பவைத்து ஏமாற்றினவர்களை அவள் விட்டதாகச் சரித்திரம் இல்லை. அந்தப் பேரை எனக்கு வைத்துவிட்டு அடக்கமாக இரு என்று சொல்லி வளர்த்தது வீட்டார் செய்த தப்பு. தொட்டியின் திருகு என் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இதைக் கடைசிவரை திருகிவிட்டால் தண்ணீர் கொதிக்கும், எச்சிலில் இருப்பதெல்லாம் வெந்து செத்துவிடும், மிச்சம் மீதி எடுத்துவைத்ததும் இல்லை, மூன்று மாத வேலை குழம்பாகிவிடும். யாரும் என்னைக் கேட்க முடியாது, பழைய தொட்டி, போன மாதம்கூட மக்கர் செய்தது. திருகினேன். கொஞ்சம். நாற்பது. நாற்பத்திரண்டு. திரும்பக் குறைத்தேன். இதில் அந்த எக்கனாமிக்ஸ் பிள்ளையின் எச்சிலும் இருக்கிறதே. அதோடு இந்த ரிசல்ட்டில் பாதி என்னுடையது, மூக்கை அறுத்துக்கொண்டு சகுனத்தடை செய்கிற வேலை எனக்கு வேண்டாம். அப்புறம் அந்த அம்மை. நினைக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முதல் வருஷம் எனக்கு அம்மை போட்டபோது உடனே ஊருக்குப் போ என்று வார்டன் சொல்ல, பஸ்ஸில் தன் துப்பட்டாவால் என்னை மூடி ஜன்னலோரம் உட்காரவைத்து, கேட்டவர்களிடமெல்லாம் வெறும் காய்ச்சல் என்று சொல்லி, முக்கூடலில் எங்கள் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டவள் ஹெப்சி. பொய் சொல்லத்தான் அன்றைக்கும் அவளுக்கு நன்றாக வந்தது. அன்றைக்கு அந்தப் பொய் எனக்காக இருந்தது. சரி, அதற்காக? ஒரு பஸ் பயணத்துக்கு ஒரு கோடை என்று கணக்குத் தீர்த்துக்கொள்ள வேண்டுமா? நேராகக் கேட்டுவிடலாம், ஏளா, இப்படிச் செய்துவிட்டாயே என்று. கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள், கட்டிப்பிடிப்பாள், அய்யோ மறந்துட்டேம்ளா என்பாள், நான் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிவரும். அழுது முடித்ததும் அவளுக்கு லேசாகிவிடும். எனக்கு? அவள் மன்னிப்பு எனக்கு வேண்டாம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், எனக்கு வேண்டியது அதுதான், அது அவளுக்குத் தெரிய வேண்டும், வாய் காய்கிறது எப்படி என்று. என் டியூபின் வெளுத்த குழிகள்மேல் டிஷ்யூ பேப்பரைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது. மற்றதெல்லாம் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது, அவை மெதுவாகத் தின்கிறவை, இன்னும் நேரம் வேண்டும்.

செருப்புச் சத்தம். ஓடித்தான் வருகிறாள், அவளுக்கு நடக்கத் தெரியாது. "என்னளா இசக்கி, நீலம் போச்சா?" கதவைப் பிடித்துக்கொண்டே மூச்சு வாங்கினாள். "ரெண்டு மணிக்குள்ள பேர் குடுக்கணுமாம்ளா, மதுரைல எல்லா காலேஜும் வருதுலா, அந்தக் கூட்டத்துக்கு. எங்க மேடம் ரிசல்ட் இருந்தாத்தான் பேருன்னுட்டாங்க. இல்லன்னா வேற செட்டுக்குப் போயிரும்." நான் உடனே பதில் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நின்று நான் பழகியதில்லை, ஆனால் பக்கத்திலிருந்து திருத்தியிருக்கிறேன். புருவம் கொஞ்சம், ரொம்ப இல்லை. உதட்டை மடித்தேன். "உக்காருளா" என்றேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எல்லாம் போச்சு. போன வாரம் ரெண்டு நாள் கரண்ட் இல்லைலா, ஃப்ரீசர் நின்னுருக்கு. அம்புட்டும் கெட்டிருக்கு. ஒரு டியூப்லயும் ஒண்ணும் இல்ல, பாரு." அவள் தட்டைப் பார்த்தாள். கருநீலம், கருநீலம், டிஷ்யூ பேப்பர், கருநீலம். "அத்தனையுமா?" "அத்தனையும். நீ மனசுல வச்சுக்கிடாத." கடைசி வார்த்தைகளை அவள் அடையாளம் கண்டுகொள்வாளோ என்று பார்த்தேன். இல்லை. அவள் கன்னத்து நிறம் மேலிருந்து கீழாக இறங்கியது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "எங்கம்மாட்ட மதுரைக்குப் போறேன்னு சொல்லிட்டேம்ளா" என்றாள், என்னிடம் இல்லை, தொட்டியிடம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். வெயிலில் வந்து பானைத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

"அயோடின் பழசாருக்குமோ? ஒங் கஞ்சி சரியாருக்கா?" என்று அவளே ஒரு வழி தேடினாள். "அதத்தான் பாக்கணும். புதுசா ஒரு எச்சி வேணும், நீயே குடு" என்று டியூபை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். கேள்வியே கேட்கவில்லை, நான் அன்று கேட்காத மாதிரி. குனிந்து உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. நாக்கைச் சுழற்றினாள், தொண்டையைச் செருமினாள். "வரமாட்டங்குளா. மாங்காய நெனச்சுக்கிடட்டா?" "கூடாதுன்னு நீதானளா எல்லார்ட்டயும் சொல்லுவ. துப்பாத, தானா வடியட்டும்." வடிந்தது, கொஞ்சம் கொஞ்சமாக, நூலாக. கண்ணிலிருந்தும் வந்தது, அது டியூபில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அந்த நேரத்திலும் சாம்பிள் கெடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் அப்படிச் செய்யாமல் இருந்திருக்கலாம். மூடியைப் போட்டு என்னிடம் கொடுத்தாள், கை சில்லென்று இருந்தது. "அப்ப நா போயி எங்க மேடத்துட்ட பேர் வேண்டாம்னு சொல்லிருதேன்" என்று எழுந்தாள், எழுந்தவள் போகவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. சும்மாளா. நாக்கு நுனியில்தான் இருந்தது, இனிப்பாகக்கூட இருந்தது, டிஷ்யூ பேப்பரை எடுத்துக் காட்டினால் போதும், இதோ பார், என்னுடையது, இப்போது உனக்குத் தெரியுதா என்று கேட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து அழலாம். வாயைத் திறந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது.

"வாரேன்ளா, லைன் பெருசாயிரும்" என்றேன்.

வராந்தாவில் நடக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, படியிறங்கி அவர்கள் டிபார்ட்மென்ட் பக்கமாகப் போயிற்று, இந்த முறை நடைதான், ஓட்டம் இல்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரம். மெஸ்ஸில் தட்டை எடுத்துக்கொண்டு நின்றேன். புதன்கிழமை, கோழிக்குழம்பு. கோட்டுப் பையில் அவள் டியூப் தொடையில் இடித்துக்கொண்டே இருந்தது, தொட்டுப் பார்த்தேன், இன்னும் வாய்ச் சூடு ஆறவில்லை. எனக்கு முன்னால் நாலே பேர்தான் நின்றார்கள்.